75 லட்சத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை? உம்ரான் மாலிக்கை வைத்து கொல்கத்தா ரசிகர்கள் போடும் கணக்கு

கேமரன் கிரீனுக்கு 25.20 கோடி. மதீஷா பதிரனாவுக்கு 18 கோடி. கடந்த டிசம்பர் 16-ம் தேதி அபுதாபியில் நடந்த ஐபிஎல் மினி ஏலத்தில் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் இந்த இரண்டு பேருக்கு மட்டும் கொட்டிய பணம் 43.20 கோடி ரூபாய். பெரிய தொகைதான். ஆனால் அதைப் பற்றிய பேச்சு சீக்கிரமே அடங்கிவிட்டது. பெரிய வீரருக்குப் பெரிய விலை, அவ்வளவுதானே!

அடங்காமல் ஓடிக்கொண்டிருக்கிற சண்டை வேறு. அது வெறும் 75 லட்சம் பற்றியது. ஏலத்துக்கு முன்பு கேகேஆர் தக்கவைத்த 12 பேரில் உம்ரான் மாலிக் ஒருவர். 2025 சீசனில் ஒரு பந்துகூட வீசாதவரை எதற்காக வைத்துக்கொண்டார்கள்? இதில் கொல்கத்தா ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

ஜனவரி 3-ம் தேதி பிசிசிஐ சொன்னதன் பேரில் வங்கதேச வேகப்பந்து வீச்சாளர் முஸ்தஃபிசுர் ரஹ்மானை கேகேஆர் விடுவித்தது. 9.20 கோடிக்கு வாங்கிய ஒருவர் போனதும், 'உம்ரானுக்கு இப்போதாவது வாய்ப்பு வருமா?' என்ற கேள்வி மறுபடியும் சூடாகிவிட்டது.

அது சரி, 125 கோடி ரூபாய் அணியில் 75 லட்சம் ஒரு பெரிய விஷயமா? எண்களை வைத்துப் பார்ப்போம்.

யார் இந்த உம்ரான்? என்னதான் ஆச்சு?

ஜம்முவைச் சேர்ந்தவர், பழ வியாபாரியின் மகன். இப்போது வயது 26. 2021-ல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்தின் வலைப்பயிற்சிப் பந்து வீச்சாளராகப் போனார். நம்ம சேலம் நடராஜனுக்கு கொரோனா தொற்று வந்ததால், அவருக்குத் தற்காலிக மாற்றாக அணிக்குள் வந்தார். முதல் ஆட்டம் அக்டோபர் 3, துபாயில். எதிரணி கேகேஆர். நான்கு ஓவர், 27 ரன், விக்கெட் இல்லை. ஆனால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய பந்துகளைப் பார்த்து எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்த மூன்று ஆட்டங்களை மட்டும் நம்பி, 2022 ஏலத்துக்கு முன்பே ஹைதராபாத் அவரை 4 கோடிக்குத் தக்கவைத்தது. அதற்குப் பிறகு நடந்ததை ஐந்து வரியில் சொல்லிவிடலாம்.

• 2021: 3 ஆட்டம், 12 ஓவர், 2 விக்கெட், ஓவருக்கு 8.00 ரன்
• 2022: 14 ஆட்டம், 49.1 ஓவர், 22 விக்கெட், ஓவருக்கு 9.03 ரன்
• 2023: 8 ஆட்டம், 20 ஓவர், 5 விக்கெட், ஓவருக்கு 10.85 ரன்
• 2024: 1 ஆட்டம், 1 ஓவர், விக்கெட் இல்லை, 15 ரன்
• 2025: கேகேஆர் அணியில் பெயர் இருந்தது, ஆடவில்லை

2022 சீசனின் வளர்ந்து வரும் வீரர் விருது அவருக்குத்தான். அதே ஆண்டு ஜூனில் அயர்லாந்துக்கு எதிராக இந்திய அணியில் அறிமுகம். மொத்தம் 10 ஒருநாள் ஆட்டங்களில் 13 விக்கெட், 8 டி20 ஆட்டங்களில் 11 விக்கெட். கடைசியாக இந்தியாவுக்கு ஆடியது 2023 ஜூலையில், வெஸ்ட் இண்டீஸில். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை.

2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த மெகா ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 75 லட்சம். கேகேஆர் அந்த விலைக்கே எடுத்தது. சீசன் தொடங்கும் முன்பே காயம் காரணமாக விலகினார். அவருக்குப் பதிலாக சேத்தன் சகாரியா வந்தார், அவருக்கும் அதே 75 லட்சம்தான். மாற்று வீரருக்கு, விலகியவரின் விலையைவிட அதிகம் கொடுக்கக் கூடாது என்பது ஐபிஎல் விதி.

ஒரே பந்தில் முழுக் கதை

உம்ரானைப் பற்றிய மொத்த விவாதத்தையும் ஒரு பந்தில் அடக்கிவிடலாம். 2022 மே 5, மும்பை பிரேபோர்ன் மைதானம், டெல்லி கேபிடல்ஸுக்கு எதிரான ஆட்டம். உம்ரான் வீசிய ஒரு பந்து மணிக்கு 157 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அந்த சீசனில் எல்லோரும் பேசிய பந்து அது. அந்தப் பந்து எங்கே போனது தெரியுமா? பவுண்டரிக்கு. அடித்தவர் ரோவ்மன் பாவெல். அன்றைக்கு உம்ரானின் கணக்கு: 4 ஓவர், 52 ரன், விக்கெட் இல்லை.

அதற்கு எட்டு நாள் முன்புதான் குஜராத்துக்கு எதிராக 25 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்திருந்தார். அதில் நான்கு பேர் போல்டு. அடுத்த ஆட்டத்தில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு எதிராக 48 ரன், விக்கெட் இல்லை. அதற்கு அடுத்தது இந்த 52. அதாவது ஒரு ஐந்து விக்கெட், அதைத் தொடர்ந்து 8 ஓவரில் 100 ரன், பூஜ்யம்.

வேகம் இருந்தால் விக்கெட் வரும், உண்மை. ஆனால் அதே வேகம் பேட்ஸ்மேனுக்கும் உதவும். 150-ல் வருகிற பந்து கொஞ்சம் அளவு தவறினால் போதும், மட்டையில் பட்டாலே எல்லைக்கு ஓடிவிடும். அதனால்தான் உம்ரானை ரசிப்பவர்களும் சரி, வேண்டாம் என்பவர்களும் சரி, இரண்டு பேருமே ஆதாரத்தோடுதான் பேசுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை: அந்த 157-ஐ பவுண்டரிக்கு அனுப்பிய பாவெலும் இப்போது கேகேஆரில்தான் இருக்கிறார்.

'வச்சுக்கலாம்' கட்சி என்ன சொல்கிறது?

வங்காளிகளுக்கு 'அட்டா' என்றால் உயிர். மண் குவளை டீயோடு மணிக்கணக்கில் போகும் அரட்டைக்கு அந்தப் பெயர். தமிழர்கள் நிறையப் பேர் வாழும் லேக் மார்க்கெட் பக்கம் ஃபில்டர் காபியோடு அதே அரட்டை நடக்கும். எங்கே பேசினாலும் 'வச்சுக்கலாம்' கட்சி முதலில் எடுத்து வீசும் பெயர் சூர்யகுமார் யாதவ்.

2014-ல் கேகேஆர் அவரை 70 லட்சத்துக்கு எடுத்தது. நான்கு சீசன் வைத்திருந்தது. பெரும்பாலும் பின்வரிசையில் இறக்கியது. 2018-ல் மும்பை இந்தியன்ஸ் 3.20 கோடி கொடுத்து அவரைத் தூக்கிக்கொண்டு போய் மேல்வரிசையில் ஆடவிட்டது. முதல் சீசனிலேயே 512 ரன். இன்றைக்கு அவர் இந்திய டி20 அணியின் கேப்டன். அவரைச் சரியாகப் பயன்படுத்தாதது தனக்குப் பெரிய வருத்தம் என்று அப்போதைய கேகேஆர் கேப்டன் கௌதம் கம்பீரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 70 லட்சத்தில் கையில் இருந்த ஆளை விட்டுவிட்டோமே என்ற குறை கொல்கத்தாவில் இன்னும் ஆறவில்லை.

அடுத்த பெயர் ரிங்கு சிங். 2018-ல் 80 லட்சத்துக்கு வாங்கினார்கள். 2021 வரைக்கும் 10 ஆட்டத்தில் 77 ரன். நடுவில் முழங்கால் காயம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் விட்டுவிட வேண்டிய ஆள். 2022-ல் 55 லட்சத்துக்கு மறுபடியும் எடுத்தார்கள். 2023 ஏப்ரல் 9, அகமதாபாத். கடைசி ஐந்து பந்தில் 28 ரன் வேண்டும். ஐந்தும் சிக்ஸர். அந்த சீசனில் 474 ரன். 2025-க்கு அவரைத் தக்கவைக்க கேகேஆர் எழுதிய தொகை 13 கோடி.

மூன்றாவது பெயர் நமக்கு நெருக்கமானவர், வருண் சக்கரவர்த்தி. 2019 சீசனுக்கு பஞ்சாப் அவரை 8.40 கோடிக்கு வாங்கியது. முதல் ஆட்டம் ஈடன் கார்டன்ஸில், முதல் ஓவரிலேயே 25 ரன். அந்த சீசனில் அவருக்கு அது ஒன்றே ஆட்டம். பஞ்சாப் கைவிட்டதும், கொல்கத்தாவிலேயே நடந்த அடுத்த ஏலத்தில் கேகேஆர் 4 கோடிக்கு எடுத்தது. 2020-ல் 17 விக்கெட். 2022-ல் சறுக்கினார், 11 ஆட்டத்தில் ஆறே விக்கெட். அப்போதும் விடவில்லை. 2023-ல் 20, 2024-ல் 21.

'ஆக, பொறுத்தா பலன் இருக்கு' என்பது இந்தக் கட்சியின் வாதம்.

'விட்டுடலாம்' கட்சி என்ன சொல்கிறது?

எதிர்க்கட்சியிடமும் பெயர்கள் இருக்கின்றன. கூடவே ஒரு கூர்மையான கேள்வியும் இருக்கிறது: 'நீங்க சொன்ன மூணு பேர்ல வேகப்பந்து வீச்சாளர் யாராவது இருக்காங்களா?'

இல்லை. வேகப்பந்து வீச்சாளர்கள் என்று வந்தால் கேகேஆரின் பொறுமைக்குக் கிடைத்த பலன் வேறு. 2018-ல் இந்திய அணி 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்றபோது, உலகமே பார்த்த இரண்டு வேகப்பந்து வீச்சாளர்கள் கம்லேஷ் நாகர்கோட்டியும் சிவம் மாவியும். அந்த ஆண்டு ஏலத்தில் இருவரையும் கேகேஆர் வாங்கியது. நாகர்கோட்டிக்கு 3.20 கோடி, மாவிக்கு 3 கோடி.

நாகர்கோட்டி காயத்தால் 2018, 2019 என இரண்டு சீசனும் ஆடவில்லை. அணி விடாமல் வைத்திருந்தது. 2020-ல்தான் முதல் ஆட்டம். அதற்குப் பிறகும் நிலைக்கவில்லை. மாவிக்கு 2019 சீசன் முதுகுக் காயத்தில் போனது. 2022-ல் 7.25 கோடி கொடுத்து அவரைத் திரும்ப வாங்கினார்கள். அந்த சீசனில் 6 ஆட்டம், 5 விக்கெட்.

மற்ற அணிகளின் கதையும் இப்படித்தான். மணிக்கு 156.7 கிலோமீட்டர் வீசி 2024-ல் எல்லோரையும் அசத்திய மயங்க் யாதவை லக்னோ 11 கோடிக்குத் தக்கவைத்தது. காயம் காரணமாக 2025-ல் அவர் ஆடியது இரண்டே ஆட்டம்.

அதாவது, மட்டையாளர் தோற்றால் மனசு உடையும். வேகப்பந்து வீச்சாளர் தோற்றால் உடம்பே உடையும். முன்னவருக்கு அடுத்த வாய்ப்பு அடுத்த ஆட்டத்திலேயே வரும். பின்னவருக்கு ஒரு வருஷம் ஆகும். எனவே ரிங்குவைக் காட்டி உம்ரானுக்கு வாதாடுவது சரியில்லை என்கிறது இந்தக் கட்சி.

உண்மையில் இந்தச் சண்டை உம்ரானைப் பற்றியது மட்டுமில்லை. ஒரு கட்சிக்கு சூர்யகுமாரை விட்ட வருத்தம். இன்னொரு கட்சிக்கு நாகர்கோட்டிக்காகக் காத்திருந்த களைப்பு. ஒரே ஊர், ஒரே அணி, இரண்டு ஞாபகங்கள்.

சரி, 75 லட்சம் உண்மையில் எவ்வளவு?

முதலில் விக்கெட் கணக்கில் பார்ப்போம். 2025 சீசனில் கேகேஆரின் மற்ற இந்திய வேகப்பந்து வீச்சாளர்கள் என்ன விலைக்கு விக்கெட் எடுத்தார்கள்?

• வைபவ் அரோரா: ஒப்பந்தம் 1.80 கோடி, 17 விக்கெட். ஒரு விக்கெட்டுக்கு சுமார் 10.6 லட்சம்
• ஹர்ஷித் ராணா: ஒப்பந்தம் 4 கோடி, 15 விக்கெட். ஒரு விக்கெட்டுக்கு சுமார் 26.7 லட்சம்

ஹர்ஷித் அளவுகோலில் உம்ரான் மூன்று விக்கெட் எடுத்தாலே போட்ட காசு வந்துவிடும். வைபவ் அளவுகோலில் ஏழு விக்கெட். 2022-ல் 22 எடுத்த ஆளுக்கு இது பெரிய இலக்கா? இல்லை.

ஒரு எச்சரிக்கை. விலையை விக்கெட்டால் வகுத்துப் பார்ப்பது எளிது, ஆனால் அது முழு உண்மையைச் சொல்லாது. 2022-ல் மாவியின் ஒரு விக்கெட் 1.45 கோடிக்கு வந்தது. 2024-ல் 24.75 கோடிக்கு வாங்கிய மிட்செல் ஸ்டார்க் 17 விக்கெட் எடுத்தார். அதுவும் ஏறக்குறைய 1.46 கோடிதான். ஆனால் ஸ்டார்க் முதல் தகுதிச் சுற்றிலும் சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப் போட்டியிலும் ஆட்ட நாயகன். கோப்பை கொல்கத்தாவுக்குப் போனது. ஒரே விலை, வேறு வேறு மதிப்பு. அந்த இறுதிப் போட்டியில் தோற்ற ஹைதராபாத்தில், ஆடும் பதினொருவரில் இடமில்லாமல் இருந்தவர்களில் ஒருவர் உம்ரான் மாலிக்.

இப்போது இன்னொரு கணக்கு. 125 கோடி ரூபாய் வரம்பில் 75 லட்சம் என்பது 0.6 சதவீதம். ரசிகர்கள் இந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள். 'போனா போகட்டும்' என்று சொல்லவைப்பதும் இதுதான்.

ஆனால் ஒரு ஐபிஎல் அணியில் அதிகபட்சம் 25 பேர்தான் இருக்கலாம். 12 பேரைத் தக்கவைத்து, ஏலத்தில் 13 பேரை வாங்கி, கேகேஆர் அந்த 25-ஐயும் நிரப்பியது. கையில் மீதி இருந்தது வெறும் 45 லட்சம். 25-ல் ஒரு இடம் என்றால் 4 சதவீதம்.

பணத்தில் 0.6 சதவீதம், இடத்தில் 4 சதவீதம். 'சீப்பா கிடைச்சுது' என்று சொல்லும்போது நாம் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறோம். இந்த இடத்துக்கு உள்ளூர் கிரிக்கெட்டில் தொடர்ந்து விக்கெட் எடுக்கும் வேறொரு வேகப்பந்து வீச்சாளர் வந்திருக்கலாம். அவர்தான் உம்ரானின் உண்மையான விலை.

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் இது பழைய விவாதம். அங்கேயும் ஒரு அணியில் 15 வழக்கமான இடங்கள்தான். பெரிய நம்பிக்கையோடு வந்து சோபிக்காமல் போன இளைஞர்களைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எடுக்கும்போதெல்லாம் ரசிகர்கள் மோதிக்கொள்வார்கள். 2017-ல் முதல் ஆளாகத் தேர்வான மார்கெல் ஃபுல்ட்ஸைத் தோள்பட்டைப் பிரச்சினைக்குப் பிறகு 2019-ல் பிலடெல்பியா கைமாற்றிவிட்டது. ஆர்லாண்டோவில் அவர் வழக்கமாக ஆடும் வீரராக மாறினார். நட்சத்திரம் ஆகவில்லை. வீணாகவும் போகவில்லை. ரசிகர்கள் மறந்துவிடும் மூன்றாவது முடிவு இது: வைரமும் இல்லை, கூழாங்கல்லும் இல்லை, உபயோகமான ஒரு ஆள்.

கேகேஆர் பக்கம் இன்னொரு லாபமும் இருக்கிறது. இது 2025 முதல் 2027 வரையிலான மூன்று வருட சுழற்சி. உம்ரான் இந்த சீசனில் 20 விக்கெட் எடுத்தால்கூட, அடுத்த ஆண்டும் அவரை அதே 75 லட்சத்தில் வைத்துக்கொள்ளலாம். நஷ்டத்துக்கு எல்லை உண்டு, லாபத்துக்கு இல்லை. அதே நோக்கில்தான் கார்த்திக் தியாகியையும் 30 லட்சத்துக்கு எடுத்திருக்கிறார்கள். 2022-ல் ஹைதராபாத் 4 கோடி கொடுத்து வாங்கிய வேகப்பந்து வீச்சாளர் அவர்.

உம்ரானுக்கு இதில் என்ன?

ரசிகர்கள் அணியின் காசை எண்ணுகிறார்கள். வீரரின் பக்கம் இருந்து பார்த்தால் கணக்கே மாறிவிடும்.

2025 முதல் ஐபிஎல்லில் ஆட்டச் சம்பளம் வந்திருக்கிறது. களமிறங்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 7.5 லட்சம், ஒப்பந்தத் தொகைக்கு மேல் தனியாக. 14 லீக் ஆட்டமும் ஆடினால் 1.05 கோடி. 25 கோடி வீரருக்கு இது சில்லறை. 75 லட்சம் வீரருக்கு? ஒப்பந்தத்தைவிட அதிகம். எல்லா ஆட்டமும் ஆடினால் 1.80 கோடி, பெஞ்சிலேயே இருந்தால் 75 லட்சம்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஓவர்கள். மேலே உள்ள பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். 22 விக்கெட் எடுத்த சீசனுக்குப் பிறகு, 2023, 2024 இரண்டு ஐபிஎல்லும் சேர்த்து உம்ரான் வீசியது 21 ஓவர். 126 பந்து. அவர் 'முடிஞ்சு போன கேஸ்' என்ற முடிவுக்கு ஐபிஎல் ரசிகர்கள் வந்தது இந்த 126 பந்தை வைத்துத்தான். 2023-ல் அவர் ஏன் ஆடவில்லை என்று கேட்டபோது, திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தனக்கே தெரியாது என்ற பொருளில் அன்றைய கேப்டன் எய்டன் மார்க்ரம் பதில் சொன்னார். கேப்டனுக்கே தெரியாவிட்டால், பந்து வீசுபவருக்கு என்ன தெளிவு இருந்திருக்கும்?

இங்கேதான் 'விலை குறைவு' இரண்டு பக்கமும் வெட்டுகிறது. 18 கோடி கொடுத்து வாங்கியவர் இரண்டு ஆட்டம் சொதப்பினாலும் மூன்றாவது ஆட்டம் கிடைக்கும். கொடுத்த காசு அவருக்காகப் பேசும். 75 லட்சம் வீரருக்காக யார் பேசுவது? ஒரு மோசமான ஓவர் போதும், திரும்பவும் பெஞ்ச். விலை குறைந்தவரை வாங்குவது சுலபம், உட்கார வைப்பது அதைவிடச் சுலபம்.

சந்தை என்ன சொல்கிறது?

டிசம்பர் ஏலத்தில் இன்னொரு ஜம்மு காஷ்மீர் வேகப்பந்து வீச்சாளரும் இருந்தார், அகிப் நபி. வயது 29. இந்திய அணிக்கு ஆடியதில்லை. 150-ஐத் தொடும் வேகமும் கிடையாது. பந்தை இரண்டு பக்கமும் நகர்த்துவார், உள்ளூர் கிரிக்கெட்டில் சளைக்காமல் விக்கெட் எடுப்பார். அடிப்படை விலை 30 லட்சம். டெல்லி கேபிடல்ஸ் கொடுத்தது 8.40 கோடி.

ஒரே மாநில அணி. ஒருவர் 8.40 கோடி, இன்னொருவர் 75 லட்சம். 2022-ல் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். வேகத்துக்கு மட்டும் காசு கொடுத்த காலம் போய்விட்டது, கட்டுப்பாட்டுக்கும் உடல்தகுதிக்கும் சேர்த்துத்தான் சந்தை விலை போடுகிறது.

கேகேஆரில் அவருக்கு ஓவர் கிடைக்குமா?

என்னைக் கேட்டால் 75 லட்சத்தைவிட முக்கியமான கேள்வி இதுதான்.

உம்ரான் சிறப்பாக ஆடிய 2022-ல் ஹைதராபாத் அவரைப் பெரும்பாலும் பவர்ப்ளே முடிந்த பிறகுதான் கொண்டுவந்தது. பந்து ஸ்விங் ஆவது நின்று, பேட்ஸ்மேன் சுழலுக்குத் தயாராகும் நேரத்தில் 150-ல் ஒரு பந்து வரும். அவருடைய இடம் நடு ஓவர்கள்.

கேகேஆரில் நடு ஓவர்கள் யாருடையவை? சுனில் நரைன், வருண் சக்கரவர்த்தி. இருவருக்கும் சேர்த்து எட்டு ஓவர். பெரும்பாலும் ஏழாவது ஓவருக்குப் பிறகுதான் இவர்களுடைய ஆதிக்கம். மீதி 12 ஓவரில் பதிரனாவுக்கு நான்கு, அதுவும் கடைசி ஓவர்களில். ஹர்ஷித், வைபவ், ஆகாஷ் தீப் புதுப்பந்துக்குப் போட்டி போடுவார்கள். கிரீன் முழு உடல்தகுதியோடு இருந்தால் அவரும் சில ஓவர் வீசுவார். உம்ரானுக்கு மிஞ்சுவது? அவர் அவ்வளவாகப் பழகாத பவர்ப்ளே, அல்லது அடி விழும் கடைசி ஓவர்கள்.

மைதானமும் கருணை காட்டாது. 2024 ஏப்ரல் 26-ம் தேதி ஈடனில் கேகேஆர் 261 ரன் அடித்தது. பஞ்சாப் அதையும் விரட்டிப் பிடித்தது. அன்றைக்கு டி20 வரலாற்றின் மிகப் பெரிய சேஸிங் அதுதான். அப்படிப்பட்ட களத்தில், ஒரு வருஷம் ஐபிஎல் ஆடாத வேகப்பந்து வீச்சாளரைக் கடைசி ஓவரில் விடுவது அவருக்கும் நல்லதல்ல, அணிக்கும் நல்லதல்ல.

முஸ்தஃபிசுர் விலகியதால் வழி திறந்துவிட்டதா? முழுதாக இல்லை. அவர் வெளிநாட்டு வீரர். அந்த இடத்துக்கு இன்னொரு வெளிநாட்டு வீரர் வர வாய்ப்பு அதிகம். ஆனால் அவர் வீசியிருக்கக்கூடிய ஓவர்களில் சில, இந்திய வீச்சாளர்களுக்குப் பிரியலாம்.

சாதகமான விஷயங்களும் உண்டு. உம்ரான் 2025 ஆகஸ்டில் நம்மூர் புச்சி பாபு தொடரில் ஜம்மு காஷ்மீருக்காக ஆடப் போட்டிக் களத்துக்குத் திரும்பினார். கேகேஆரின் புதிய தலைமைப் பயிற்சியாளர் அபிஷேக் நாயர், சறுக்கிய இந்திய வீரர்களை மீட்டெடுப்பவர் என்று பெயர் எடுத்தவர். பந்து வீச்சுப் பயிற்சியாளர் டிம் சவுதி வேகத்தை நம்பி வாழ்ந்தவர் அல்ல. அளவையும் திசையையும் நம்பி நியூசிலாந்துக்காகப் பல நூறு விக்கெட் எடுத்தவர். 2022-ல் உம்ரானுக்குப் பின்னால் டேல் ஸ்டெயின் நின்றார், வேகத்தைப் பெருக்க. இப்போது அவருக்குத் தேவை வேகமே இல்லை. அதை அடக்கி வைக்கக் கற்றுத்தரும் ஒருவர்.

அப்போ, எந்தக் கட்சி சரி?

எண்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அவரை வைத்துக்கொண்ட முடிவு தவறில்லை. மூன்றிலிருந்து ஏழு விக்கெட்டில் திரும்பி வந்துவிடும் தொகைக்கு யாரும் சண்டை போடத் தேவையில்லை. 'விட்டுடலாம்' கட்சி காயத்தைப் பற்றிச் சொல்லும் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கான விலைக்கழிவுதான் ஏற்கனவே 4 கோடியில் இருந்து 75 லட்சமாக இறங்கியிருக்கிறதே.

'வச்சுக்கலாம்' கட்சிக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. சூர்யகுமாரை கேகேஆர் உடனே விட்டுவிடவில்லை; நான்கு வருஷம் வைத்திருந்தது. ஆனால் சரியான இடத்தில் ஆடவிடவில்லை. வருணும் ரிங்குவும் ஜெயித்தது ஏன்? விலை குறைவு என்பதால் அல்ல. ஒருவருக்கு ஓவரும் இன்னொருவருக்குப் பந்தும் கிடைத்தன. வைத்துக்கொள்வது வேறு, ஆடவிடுவது வேறு.

எனவே, மார்ச் கடைசியில் சீசன் தொடங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது, உம்ரான் முதலில் ஆடும் ஆட்டத்தில் எந்த ஓவரில் பந்து கொடுக்கிறார்கள்? ஒன்பதாவது ஓவரா, பத்தொன்பதாவது ஓவரா?

இரண்டாவது, ஓவருக்கு 12 ரன் போன ஒரு ஆட்டத்துக்குப் பிறகு அடுத்த ஆட்டத்திலும் அவர் இருக்கிறாரா?

மூன்றாவது, வேகமானியில் 150 வருகிறதா என்று பார்க்காமல், ஒரே இடத்தில் எத்தனை பந்து விழுகிறது என்று பாருங்கள்.

மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், 75 லட்சத்துக்கு இதைவிட நல்ல பேரம் இந்த ஏலச் சுழற்சியில் கிடையாது. வராவிட்டால், கேகேஆருக்குப் போவது 0.6 சதவீதம்தான், அடுத்த ஏலத்தில் வேறொரு பெயரைத் தேடிக்கொள்ளும். 26 வயதில் இன்னொரு சீசனை பெஞ்சில் தொலைக்கும் உம்ரானுக்குத்தான் கணக்கு பெரிதாக விழும்.